மிச்சத்தோடு இறங்கிய விமானம்

நான் ஹைதராபாத்துக்கு நானூறு தடவைக்கு மேல் விமானம் விட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கசார்வாடியை விட்டு நகர்ந்ததில்லை.

எங்கள் விமானத்துக்கு இறக்கை கிடையாது, சக்கரம் கிடையாது, சீட்டு கிடையாது. பூனாவில், பழைய மும்பை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு பக்கம் கியர் வெட்டும் பட்டறை, இன்னொரு பக்கம் பெயின்ட் சுடும் பட்டறை. நடுவில் தகரக் கூரை போட்ட ஷெட் எங்களுடையது. உள்ளே ஒரு பெரிய மோட்டார், அதைச் சுற்றவிடாமல் எதிர்ப்பக்கம் இழுப்பதற்கு இன்னொரு மோட்டார், ஆள் உயரத்துக்கு மூன்று மின்சார அலமாரிகள். வெளியே கான்கிரீட் அறையில், கொலைக் கைதி மாதிரி தனியாக, ஒரு பேட்டரி. இந்த ஏற்பாட்டுக்கு ரிக் என்று பெயர். இது ஐம்பது பேர் போகிற ஒரு சின்ன விமானத்தின் பாதி. மீதிப் பாதி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. 'நீ இப்போது பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறாய்' என்று கம்ப்யூட்டர் சொல்லும். மோட்டார் நம்பிவிடும்.

விமானம் தரையை விட்டு எழும்பி, ஏறி முடிக்கும் வரைக்கும்தான் அதற்குப் பலம் அதிகம் வேண்டும். ஏறி முடித்த பிறகு பாதி போதும். சாதாரண விமானத்தில் அந்தக் கொஞ்ச நேர ஏற்றத்துக்காகப் பெரிய எஞ்சினை வைத்துவிட்டு, மீதி வழியெல்லாம் அதைத் தண்டமாகச் சுமந்துகொண்டு போவார்கள். எங்கள் விமானம் கலப்பு வகை. எஞ்சின் சின்னது, ஏறும்போது பேட்டரியும் மோட்டாரும் கை கொடுக்கும், சைக்கிளில் மேடேறுகிறவனைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிடுகிற மாதிரி. எப்போது தள்ளுவது, எவ்வளவு தள்ளுவது, எப்போது கையை எடுப்பது என்று முடிவு செய்கிற மென்பொருள் என் பொறுப்பு. விமானத்தைக் கட்டுவது வெளிநாட்டுக்காரர்கள். அதன் புத்தியை மட்டும் கசார்வாடியில் செய்யக் கொடுத்திருக்கிறார்கள்.

ரிக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு மராத்தி டெக்னீஷியன் உண்டு. கார் தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஒவ்வொரு தடவையும் ஹைதராபாத் வந்து மோட்டார் நின்றதும் 'உத்ரலோ, மேடம்' என்பார். இறங்கிவிட்டோம் என்று அர்த்தம். பிறகு டீ சொல்லப் போவார்.

வீடு சிஞ்ச்வட்டில், ஒரு சொசைட்டியில் நான்காவது மாடி. நானும் அப்பாவும்தான். கல்யாணம் ஒரு தடவை செய்து பார்த்தேன். அது இங்கே தேவையில்லை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். தாத்தா குடியாத்தத்திலிருந்து இங்கே கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நைனாவும் அதே வேலைக்குப் போய் அங்கேயே ரிட்டயர் ஆனார். குடியாத்தத்தை அவர் மொத்தம் நாலைந்து தடவை பார்த்திருப்பார். பேச்சு மட்டும் அங்கிருந்து கிளம்பவே இல்லை.

அவர் முப்பத்தாறு வருடம் செய்து அடுக்கிய சரக்குக்கு ஒரு விசேஷம் உண்டு. அது கிடங்கை விட்டு வெளியே வராமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. தேதிவாரியாக அடுக்க வேண்டும், பழையது முன்னால், புதியது பின்னால். எப்போதாவது எடுக்க வேண்டியிருந்தால் பழையதைத்தான் எடுக்க வேண்டும். இந்தப் பாடத்தை அவர் வீட்டிலும் விடவில்லை. எங்கள் வீட்டில் புது சோப்பு வாங்கினால் அது கைக்கு வர எட்டு மாதம் ஆகும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு வேண்டியிருக்கிறது, அதனால் சொல்லிவைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நைனாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் என்றார்கள். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்தது தேய்ந்ததுதான், திரும்ப வராது. தினமும் சாயங்காலம் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். மருந்துக்குக் காசும் கிடையாது. கட்கியில் ரிட்டயர் ஆனவர்களுக்கான மருந்தகத்தில் மாதம் ஒரு பாட்டில் கொடுத்துவிடுவார்கள். நைனா மாதா மாதம் லோக்கல் ரயிலில் கட்கி போய், பழைய ஆட்களோடு நின்று ஒரு வடா பாவ் சாப்பிட்டுவிட்டு, பாட்டிலோடு மத்தியானம் திரும்பி வருவார். அதைவிடச் சந்தோஷமாக அவர் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கேயாவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நைனா அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டார். வெளிச்சம் வந்தபோதும் அமுக்கினார், வராதபோதும் அமுக்கினார். இல்லாத வெளிச்சங்களையெல்லாம் இவர் பார்த்திருக்கிறார் என்று கருவி எழுதிக் கொடுத்துவிட்டது.

"காகா, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. இதுல பாஸ் ஃபெயில் கிடையாது," என்று டாக்டரம்மா ஹிந்தியில் சொல்லி மறுபடி உட்கார வைத்தார்.

இரண்டாவது தடவை வந்த படத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். போன வருடத்துப் படமும் பக்கத்தில் இருந்தது. கறுப்பு வளர்ந்திருந்தது. வலது கண்ணில் அது கீழேயிருந்து ஏறி, நடுவைத் தொடுகிற தூரத்துக்கு வந்திருந்தது. நடுவைத் தொட்டால் முகம் தெரியாது, எழுத்து தெரியாது.

"மருந்து ஒழுங்கா விடறீங்களா?" என்று கேட்டார்.

"பில்குல், ஒழுங்கா விடறேன்," என்றார் நைனா.

"அப்போ இந்த மருந்து இவருக்குக் கேக்கல. மூணு மாசம் பார்ப்போம். இன்னும் போச்சுன்னா ஆபரேஷன்தான். ஆனா இந்த நிலைமையில ஆபரேஷன் பண்ணினா, இருக்கிற கொஞ்சமும் போயிடற ஆபத்து இருக்கு. அதையும் சொல்லிடணும்."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது மருந்துக் கம்பெனிக்காரனை நன்றாகத் திட்டினேன். அவன் குடும்பத்தையும் விடவில்லை.

"இன்னாத்துக்கு ரோட்ல நின்னுக்கினு கத்தற," என்றார் நைனா. "வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும். வா."

அவருக்குப் பயமே இல்லை என்று நினைத்து அதற்கும் கோபப்பட்டேன். எனக்குத்தான் பயமாக இருந்தது. காலையில் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மராத்தி ராசிபலனைத் தமிழில் எனக்குச் சொல்லுகிற மனிதர் அவர். அந்தக் கறுப்பு இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் அவருக்கு என் முகம் போய்விடும். ஆனாலும் அன்று சாயங்காலம் வழக்கம்போலத் திட்டத்தான் செய்தேன். ஒரு பருக்கையை வீணாக்காத ஆள், சில மாதமாகத் தட்டில் தன் பக்கத்து ஓரத்தில் பொரியலை அப்படியே விட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தார். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்றேன். அவர் தட்டைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த வாரமே விமானம் கட்டுகிறவர்கள் தரப்பிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். எங்கள் வேலையைச் சோதித்து, சரி தவறு சொல்வதற்கு. வியாழக்கிழமை எங்கள் பக்கம் கரண்ட் இருக்காது என்பதால் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தோம். குட்டை முடி, சின்ன நோட்டு, பேச்சு அதைவிடச் சின்னது. ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்களோடு ஹைதராபாத் வரை வந்தார். டெக்னீஷியன் 'உத்ரலோ' சொன்னார். டீ வந்தது. அம்மாள் டீயைத் தொடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்கும்போது பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அறுபத்தெட்டு சதவீதம்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் பேட்டரி எத்தனை பத்திரமாக இருக்கிறது பார் என்று.

அவர் நோட்டைப் புரட்டினார். "பேட்டரியே இல்லாத பழைய விமானம் இதே வழிக்குக் குடிக்கிற எண்ணெயைவிட உங்கள் விமானம் அதிகம் குடிக்கிறது. அது தெரியுமா?"

தெரியாது. நாங்கள் எண்ணெயைப் பார்க்கவே இல்லை. பேட்டரியையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்படியானால் இந்தப் பேட்டரியை எதற்காகக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாதுகாப்பு முக்கியம், பயணிகள் உயிர் முக்கியம் என்று ஐந்து நிமிடம் பேசினேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒருவேளை இறங்க முடியாமல் மறுபடி மேலேறிச் சுற்றிவர வேண்டியிருந்தால், அதற்கு முப்பது சதவீதம் போதும் என்று விதி இருக்கிறது. அதைத் தொட வேண்டாம். அதற்கு மேல் இருப்பதெல்லாம் யார் வைத்தது?"

"பார்த்துச் சொல்கிறேன்," என்றேன்.

அவர் போன பிறகு உட்கார்ந்து பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குள் எல்லாம் கிடைத்துவிட்டது. பேட்டரி விற்றவர்கள் அடியில் கொஞ்சத்தை ஒளித்து வைத்துவிட்டு, அது தீர்ந்தாலே மொத்தமும் தீர்ந்தது என்று சொல்லும்படி செய்திருந்தார்கள். மோட்டார் நிரலை எழுதியவர் அதற்கு மேல் தன் பங்குக்குக் கொஞ்சம் ஒதுக்கியிருந்தார். சூட்டைக் கவனிக்கும் நிரலை எழுதியவரும் தன் பங்கைச் சேர்த்திருந்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த மூன்றுக்கும் மேலே, எல்லாவற்றிலும் பெரியதாக, ஒரே ஒரு வரி இருந்தது. ஏறும்போது பேட்டரி எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் மெல்லக் கையை எடுத்துக்கொள் என்று சொல்லுகிற வரி. பேட்டரி நாலு நிமிடம் தள்ளும், பிறகு பயந்து ஒதுங்கிக்கொள்ளும். சின்ன எஞ்சின் அதையும் தூக்கிக்கொண்டு முக்கி முனகி மேலே ஏறும்.

அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதியவரின் முதலெழுத்து இருந்தது. என்னுடையது. வேலை ஆரம்பித்த முதல் வாரத்தில், யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறேன். காரணம் என்று போட்டிருந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது; தமிழில் அதற்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெயர். எழுதியது எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

டெக்னீஷியன் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கஞ்சூஸ் விமானம், மேடம்," என்றார். "எங்க மாமியார் வீட்ல ஒரு டின்னர் செட் இருக்கு. நல்ல விருந்தாளி வந்தா எடுக்கணும்னு. இருபத்தஞ்சு வருஷமா மாப்பிள்ளை நான் ஸ்டீல் தட்டுலதான் சாப்பிடறேன்."

நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்காகச் சொன்னதாகவும் தெரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. ஷெட்டில் கரண்ட் இல்லை, வீட்டில் தண்ணீர் வராது. நான் வீட்டில் இருந்தேன். கீழே குப்பை வண்டி வருகிற நேரம். ஈரக் குப்பை தனி, உலர்ந்த குப்பை தனி என்று பிரிக்காவிட்டால் வாங்கமாட்டார்கள். பிரிக்கிற வேலை எப்போதும் என்னுடையது. பால் கவர், பிஸ்கட் உறை, நைனாவின் பிரஷர் மாத்திரை அட்டை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மனது ரிக்கில் இருந்தது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும், செலவே ஆகவில்லை என்று. இந்த இடத்தில் கை நின்றது. மாத்திரை அட்டை வாராவாரம் குப்பைக்கு வருகிறது. மூன்று வருடமாக நான்தான் குப்பையைப் பிரிக்கிறேன். காலியான கண் மருந்து பாட்டில் மாதத்துக்கு ஒன்று வந்திருக்க வேண்டும்; எப்போதோ சிலதைப் பார்த்த ஞாபகம்தான் இருந்தது.

நைனா ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, கண்ணு மருந்து காலி பாட்டில எங்க போடற?"

"எந்த பாட்டிலு?"

"கட்கிலேர்ந்து மாசா மாசம் கொண்டாரியே, அது."

பேப்பரை மடித்தார். மெதுவாக மடித்தார். "பத்திரமாத்தான் கீது," என்றார்.

"எங்க பத்திரமா கீது?"

பீரோ சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருக்கும். எழுந்து போய்த் திறந்தார். உள்ளே லாக்கர், அம்மா இருந்தவரை நகை வைத்த இடம். நகையெல்லாம் இப்போது பேங்க்கில் இருக்கிறது. லாக்கருக்குள் மருந்து அட்டைப்பெட்டிகள் நின்றன. நாலு நாலாக ரப்பர் பேண்ட் போட்டு, தேதிவாரியாக, பழையது முன்னால், புதியது பின்னால். எண்ணினேன். இருபத்திரண்டு. பிரிக்காத பாட்டிலை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது, நைனாவால் படிக்க முடியாத பொடி எழுத்தில். பூனா வெயில் மூன்று கோடை அந்த இரும்புப் பீரோவுக்குள் இறங்கியிருந்தது.

"இன்னா நைனா இது?"

"ஸ்டாக்கு."

"எதுக்கு ஸ்டாக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான். நாளிக்கே அவன் குடுக்க மாட்டேன்னுட்டா இன்னா பண்ணுவ? அப்ப நீ எங்கப் போயி நிப்ப?"

"டெய்லி ரெண்டு கண்ணுக்கும் விடறியா இல்லியா?"

"விடறேனே. ஒரு நாளு வலது, ஒரு நாளு எடது."

ஃபிரிட்ஜ் கதவில் அவர் உபயோகத்தில் வைத்திருந்த ஒரே பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். கிடங்கு விதிப்படி பழையதைத்தான் எடுத்திருந்தார். அதன் தேதி முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆக, கெட்டுப்போன மருந்தை, பாதி அளவு, மிகவும் ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டரிடம் சொன்ன 'பில்குல்' பொய்யில்லை. அவர் நம்பித்தான் சொன்னார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. கண் போகப்போகிறது என்றேன், உன் கண்ணா என் கண்ணா என்றேன், முப்பத்தாறு வருடம் குண்டு அடுக்கின புத்தி என்றேன். எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது. நைனா பீரோ பக்கத்தில் நின்று, மெஷின் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருக்கிறவர் மாதிரி காத்திருந்தார். நின்றதும் சொன்னார்.

"நீதான சொன்ன."

"நான் இன்னா சொன்னேன்?"

"மொத நாளு. எனுக்குக் கை ஆடிச்சி, மருந்து கண்ணுல வுழாம கன்னத்துல ஊத்திக்கிச்சி. நீ ராத்திரி வேலைக்குப் பொறப்பட்டுக்கினு இருந்த. பாதி மருந்து கன்னத்துக்கே போவுது, வேஸ்ட் பண்ணாத நைனான்னு சொல்லிட்டுப் போன." லாக்கரைக் கையால் காட்டினார். "அதுக்கப்புறம் நான் வேஸ்டே பண்ணல."

எனக்கு ஞாபகம் இல்லை. இப்போதும் இல்லை. ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருப்பேன். சொன்னது நான்தான் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அந்த வாக்கியம் என்னுடைய வாக்கியம். நான் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர் மூன்று வருடம் அதைக் கடைப்பிடித்தார்.

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நைனா ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அரை மக்குதான், அன்றைக்கு வியாழக்கிழமை என்பதால்.

போய்ச் சொன்னால் டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. இப்படி நிறைய பேர் வருகிறார்கள் என்றார். லாக்கரில் இருப்பதையெல்லாம் தூக்கிப் போடுங்கள், புது பாட்டில், ஃபிரிட்ஜ், தினம் இரண்டு கண், பிரித்து ஒரு மாதம் ஆனதும் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள் என்றார். கிளம்பும்போது நான் பொரியலைப் பற்றிக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அவருக்குத் தட்டில் கிட்டக்க இருக்கிற ஓரம் தெரியாது," என்றார். "கீழ்ப்பக்கம்தானே போயிருக்கு."

தூக்கிப் போட நைனா சம்மதிக்கவில்லை. பிரிக்காத மருந்தை யாராவது குப்பையில் போடுவார்களா, ஒரு ஓரமாக இருக்கட்டும் என்றார். என்னோடு அவர் அதிகம் வாதாடுகிறவர் இல்லை. இதற்கு வாதாடினார். சரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த தடவை கட்கி போயிருந்தபோது பீரோவைத் திறந்தேன். சாவி அவர் இடுப்பில் இருக்கும்; ஆனால் சிஞ்ச்வட்டில் எந்த பீரோ சாவியும் எந்த பீரோவையும் திறக்கும், எதிர் வீட்டில் வாங்கினேன். பாட்டில்களை எடுத்துவிட்டு, காலிப் பெட்டிகளை மூடி, அதே ரப்பர் பேண்டைப் போட்டு, அதே தேதி வரிசையில் நிற்க வைத்தேன். பழையது முன்னால்.

ரிக்கில் நாலு பேரின் மிச்சத்தையும் ஒவ்வொன்றாக எடுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பேட்டரி விற்றவர்கள் ஒப்புக்கொள்ளவே ஆறு வாரம். என் வரியை எடுக்க ஒரு நொடி. எல்லாம் எடுத்துவிட்டு முதல் தடவை ஹைதராபாத் கிளம்பிய அன்று, ஏற்றத்தில் பேட்டரி எழுபதைத் தாண்டிக் கீழே போனபோது என் கை தானாக நிறுத்துகிற பொத்தானுக்குப் போய்விட்டது. அறுபது, ஐம்பது என்று இறங்கிக்கொண்டே இருந்தது. டெக்னீஷியன் என் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எஞ்சின் முனகவில்லை. நாற்பத்தொன்றில் ஏறி முடித்தோம். பிறகு பேட்டரி வேலை முடிந்தது என்று சும்மா இருந்தது, நாங்களும் இருந்தோம். இறங்கியபோது விதி கேட்கிற முப்பதுக்கு மேல் கொஞ்சம் மிச்சம். எண்ணெய் பழைய விமானத்தைவிட நன்றாகவே குறைந்திருந்தது. 'உத்ரலோ' என்றார் டெக்னீஷியன். அந்த அம்மாளுக்கு அனுப்பினேன். 'நல்லது' என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது. அவருக்கு அது நீளமான பதில்.

அதற்கு முந்தின வாரம்தான் நைனாவுக்கு மறுபடி கண் சோதனை நடந்திருந்தது. இந்த முறை தெரிந்ததற்கு மட்டும் அமுக்கினார். அழுத்தம் இறங்கியிருந்தது. கறுப்பு அதே இடத்தில் நின்றிருந்தது. கூடவில்லை, குறையவும் இல்லை, குறையாது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பொரியலை நான் தட்டின் எதிர்ப்பக்கத்தில் வைக்கிறேன். சாப்பிட்டுவிடுகிறார்.

விமானம் ஒழுங்காக இறங்கிய அன்று சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். இப்போதெல்லாம் மருந்து விடுவது நான்தான். நைனா ஹாலில் திவானில் படுத்து, டியூப் லைட்டைப் பார்த்துத் தலையை நிமிர்த்திக்கொள்வார். பாட்டிலைக் கிட்டே கொண்டுபோனாலே இமை மூடிக்கொள்ளும். அன்றைக்கும் மூடிக்கொண்டது. சொட்டு கன்னத்தில் ஓடியது. அவர் கை சட்டென்று வந்து, விரலால் அதைக் கண்ணுக்கே திரும்பத் தள்ளப் பார்த்தது.

"வேஸ்டாப் போச்சி," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"போவட்டும் நைனா. கைய எடு."

இன்னொன்று விட்டேன். அதுவும் கன்னத்துக்குப் போனது. மூன்றாவது கண்ணுக்குள் விழுந்தது.

"ஒரு கண்ணுக்கு மூணு சொட்டு," என்றார். "இப்டிப் போனா பாட்டிலு மாசம் வராது."

"வராட்டிப் போவுது."

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் அவர் கன்னத்தைத் துடைத்தேன்.

"பத்தலன்னா ஸ்டாக்குலேர்ந்து எடுத்துக்கோ," என்றார். "இருக்குது இல்ல, நெறைய."

"எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த கண்ணைத் திறக்கச் சொன்னேன்.